கீழிருந்து சொல்லும் வரை

என் கணவர் பலாக்காய்க் குழம்புக்காகச் செத்தார். சொன்னால் சிரிப்பார்கள். அதனால்தான் முப்பத்திரண்டு வருஷமாக யாரிடமும் சொல்லவில்லை என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டு வந்தேன். உண்மை அதுவல்ல. சிரித்து முடித்த பிறகு "எப்படி?" என்று கேட்பார்கள். அந்த இடத்தில்தான் எனக்கு வாய் அடைத்துப் போகும்.

அவர் பெயர் கன்னியப்பன். அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் வேலை. ஆறு நாள் இரும்பு கடைவார். ஞாயிற்றுக்கிழமை வந்தால் கோவில்பதாகை வீட்டு மொட்டை மாடியில் அலுமினியக் குழாய்களோடு குடும்பம் நடத்துவார். தெருவே டிவியில் மெட்ராஸ் ஸ்டேஷனைப் பார்த்துத் திருப்தியாக இருந்த காலம் அது. இவருக்கு மட்டும் சிலோன் ஸ்டேஷன் வேண்டும். முந்நூறு நானூறு கிலோமீட்டர் தூரம், நடுவில் கடல். தானே அறுத்து, தானே துளை போட்டு, பன்னிரண்டு கம்பி வைத்த ஆண்டெனா ஒன்றைச் செய்தார். இருபதடி பைப்பின் உச்சியில் அதை ஏற்றினார். நேர் தெற்கே, செம்பரம்பாக்கம் ஏரி இருக்கும் திசையில் திருப்பி வைத்தால், சித்திரை வெயிலில், காற்றே இல்லாத சாயங்காலங்களில், அபூர்வமாகப் படம் வரும்.

"எல ஆடக் கூடாது வேம்பு. அப்பதான் வரும்" என்பார்.

என் முழுப்பெயர் வேம்புலியம்மாள். பெற்றவர்களுக்கு வேம்புலி, தெருவுக்கு வேம்புலிம்மா. வேம்பு என்று கூப்பிட்டவர் இந்த உலகத்தில் அவர் ஒருவர்தான். என் வாய்க்கு அந்தப் பெயர்தான் பொருத்தம் என்று அவருக்கு ஒரு நினைப்பு.

ஆண்டெனா திருப்புவது ஒருவர் வேலையல்ல. மேலே ஒருவர், கீழே ஒருவர் வேண்டும். மேலே இருப்பவர் கையில் பைப் இருக்கும், படம் தெரியாது. கீழே இருப்பவருக்குப் படம் தெரியும், பைப் எட்டாது. மேலேயிருந்து "வருதா?" என்று குரல் வரும். கீழேயிருந்து "வர்ல", "இன்னும் கொஞ்சம்", "போச்சி, பழையபடி திருப்பு" என்று பதில் போகும். கீழே இருப்பவர் "வந்துட்ச்சி, கட்டு" என்று சொல்லும் வரை மேலே இருப்பவர் பைப்பிலிருந்து கையை எடுக்கக் கூடாது. அவர் இதைச் சத்தியம் மாதிரி வைத்திருந்தார். கை மரத்துப் போனாலும் என் பதில் வராமல் விடமாட்டார். என்னை அவ்வளவு நம்பினார், பாவி மனுஷன்.

பைப் நின்றது பின்பக்கக் கைப்பிடிச் சுவருக்கு வெளியே. சுவரில் இரண்டு கிளாம்ப் அடித்து அதில் மாட்டியிருந்தார். படம் வந்ததும் அசையாமல் கயிற்றால் கட்டிவிடுவார். லேசாகத் திருப்ப, உள்ளே நின்றபடியே கை நீட்டினால் போதும். இன்னும் திருப்ப வேண்டுமென்றால் சுவர்மேல் ஏறிக் கால் இரண்டு பக்கமும் தொங்க உட்கார வேண்டும். அதற்கும் மேல் திருப்ப வேண்டுமென்றால் உடம்பை வெளியே சாய்க்க வேண்டும்.

தொண்ணூற்று மூன்றாம் வருஷம், சித்திரையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. திருமழிசையில் என் தங்கை மகளுக்குக் காதுகுத்து. கூட்டிக்கொண்டு போகிறேன் என்று ஒரு மாதமாகச் சொன்னவர், காலையில் வாசலில் நின்று வானத்தைப் பார்த்துவிட்டு, "இன்னிக்கி காத்தே இல்ல வேம்பு, நீ அடுத்த வாரம் போய்ப் பாத்துட்டு வா" என்றார். காதுகுத்தை அடுத்த வாரம் போய்ப் பார்ப்பதாம். கட்டிய புடவையை அவிழ்த்து மடித்துப் பீரோவில் வைத்தேன். அன்று முழுக்க அவரோடு பேசவில்லை.

சாயங்காலம் நாலரை மணி வெயிலில் அவர் மேலே போனார். ஒன்றரை வயதுக் குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு நான் டிவி முன்னால் உட்கார்ந்தேன். கோபமாக இருந்தாலும் அந்த வேலையை மட்டும் மறுக்க முடியாது, அது எங்களுக்குள் ஒரு வழக்கம். கொஞ்ச நேரத்தில் படம் வந்தது. எதிர்வீட்டைப் பார்ப்பது போல வந்தது. ஒரு பெண் பலாக்காய் நறுக்கிக் குழம்பு வைத்துக்கொண்டிருந்தாள். கத்தியில் தடவிய எண்ணெய்கூடப் பளபளவென்று தெரிந்தது.

மேலேயிருந்து குரல் வந்தது. "வேம்பு, வருதா?"

"வர்ல. இன்னும் கொஞ்சம் ஏரி பக்கம்" என்றேன்.

கோபம்தான், வேறொன்றுமில்லை. வெயிலில் கொஞ்சம் காயட்டும் என்று நினைத்தேன். அவர் திருப்பினார். படம் கொஞ்சம்கூட மங்கவில்லை, அன்றைய புழுக்கம் அப்படி. இரண்டாவது தடவை கேட்டார். "இன்னும் கொஞ்சம்" என்றேன். அந்தப் பெண் தேங்காய்ப் பாலை ஊற்றினாள். மூன்றாவது தடவை, களைத்துப்போன குரலில், "வேம்பு, வருதா?" என்றார். "இன்னும் கொஞ்சம் மாமா" என்றேன். போதும், அடுத்த தடவை கேட்டால் சொல்லிவிடலாம் என்று நினைத்துக்கொண்டுதான் சொன்னேன். அடுத்த தடவை கேட்கவில்லை. பின்பக்கம் துணி துவைக்கும் கல்லில் ஏதோ விழுந்த சத்தம் கேட்டது. நான் குழந்தையைப் போட்டுவிட்டு ஓடும்போதும் டிவியில் அந்தப் பெண் குழம்பு தாளித்துக்கொண்டிருந்தாள்.

கால் தவறிவிட்டது என்றார்கள். நானும் தலையாட்டினேன். அவருக்கு வயது முப்பத்தொன்று.

கம்பிகளை ஆள் விட்டு இறக்கிக் காயலான் கடைக்குப் போட்டேன். பைப் மட்டும் கிளாம்பில் துருப்பிடித்து இறுகிவிட்டது, கழற்ற முடியவில்லை. அடுத்த சித்திரையில், இலை ஆடாத ஒரு சாயங்காலம், அரிசி களைந்துகொண்டிருந்தேன். மாடிப்படி வழியாகக் குரல் வந்தது. "வேம்பு, வருதா?"

பாத்திரத்தைக் கவிழ்த்துவிட்டேன். குழந்தை ஒன்றும் நடக்காதது போல விளையாடிக்கொண்டிருந்தாள். பக்கத்து வீட்டு ராஜகுமாரி மதில்மேல் கையை வைத்து யாரையோ திட்டிக்கொண்டிருந்தாள். எனக்கு மட்டும்தான் கேட்டது. அதற்குப் பிறகு ஒவ்வொரு வருஷமும், அந்த மாதிரி இரண்டு மூன்று சாயங்காலங்களில் கேட்கும். மிரட்டும் குரலல்ல. கை வலிக்கிற மனுஷன் கேட்கிற குரல். நான் ஒரு நாளும் பதில் சொன்னதில்லை. வரவில்லை என்று சொல்ல இனிமேல் எனக்கு வாய் வருமா? வந்துவிட்டது என்று சொன்னால், கையை எடுத்துவிட்டு இறங்கி வந்துவிடுவார். எனக்கு அந்தப் பயம். அதனால் அவரை அங்கேயே நிற்க வைத்துவிட்டு நான் கீழே சோறு பொங்கினேன், எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் பேக்கிங் வேலைக்குப் போனேன், மகளைப் படிக்க வைத்தேன். மொட்டை மாடிக்கு ஒரு தடவைகூட ஏறவில்லை. துணி காயப்போடுவதெல்லாம் வாசல் கொடியில்தான். பலாக்காய் வாங்குவதில்லை. "ஊட்ட வித்துட்டு வேற பக்கம் போயேன் வேம்புலிம்மா" என்று ராஜகுமாரி பல தடவை சொன்னாள். ஒருவர் மாடியில் காத்துக்கொண்டிருக்கும்போது எப்படிப் போவது?

என் மகள் கவிப்பிரியாவுக்கு இப்போது முப்பத்து மூன்று. அப்பாவைவிட இரண்டு வயது பெரியவள் ஆகிவிட்டாள். அம்பத்தூரில் கம்ப்யூட்டர் வேலை. போன மாசி மாதம் ஒரு நாள் ஆட்டோவில் அலுமினியக் குழாய்களைக் கொண்டுவந்து இறக்கினாள்.

"இன்னாடி இது?"

"ஆண்டெனாம்மா. சிலோன்ல இன்னும் பழைய மாதிரி ஆண்டெனாவுக்கு அனுப்பறாங்களாம். நெட்ல ஒருத்தர் புடிச்சிக் காமிச்சாரு. நம்ம ஊட்லயும் புடிக்கலாம்."

"எதுக்கு? போன்ல எல்லாந்தான் வருதே?"

"போன்ல வரும். நைனா எதுக்கு மேல ஏறுனாரோ, அத நான் ஒரு தபா பாக்கணும்" என்றாள். "எனக்கு அவரப் பத்தி வேற ஒண்ணுமே தெரியாதில்ல."

நான் சண்டை போட்டேன், சோறு சாப்பிடாமல் படுத்தேன், அவள் பெரியப்பாவைக் கூப்பிட்டுச் சொல்ல வைத்தேன். அப்பனின் பிடிவாதம் அப்படியே இறங்கியிருக்கிறது அவளிடம். காயலான் கடையில் பழைய பெட்டி டிவி ஒன்றை வாங்கி வந்தாள். புது டிவி லேசாக வரும் படத்தை மதிக்காமல் நீலமாக மூடிவிடுமாம். வீடியோ கால் போட்டுத் தானே பார்த்துக்கொள்ள முயன்றாள். பழைய டிவியைப் போனில் காட்டினால் கோடு கோடாக ஓடியது, ஒன்றும் புரியவில்லை. டிவியையே மாடிக்குத் தூக்கிப் போகலாம் என்றேன். வெயிலில் திரை தெரியாது என்றாள்.

"நீ கீழ குந்திகினு வருதா இல்லையான்னு சொல்லு, போதும். இதுல இன்னா கஷ்டம் ஒனக்கு?"

பைப்புக்கு எண்ணெய் விட்டு, பத்து நாள் தட்டி, துருவை இளக்கிவிட்டாள். அதே பைப், அதே சுவர். சித்திரை முதல் வாரம், ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம், போனை ஸ்பீக்கரில் போட்டு என் கையில் கொடுத்துவிட்டு மேலே போனாள். டிவியில் வெறும் புள்ளிகள் கொட்டிக்கொண்டிருந்தன.

போனில் அவள் குரல் வந்தது. "அம்மா, வருதா?"

மாடிப்படியிலிருந்து இன்னொரு குரல் வந்தது. "வேம்பு, வருதா?"

இரண்டும் சேர்ந்து கேட்டன.

"வந்துட்ச்சி, வந்துட்ச்சி, எறங்கிடு" என்று கத்தினேன். மகளுக்குத்தான் சொன்னேன். அவருக்குச் சொல்ல இன்னும் தைரியம் வரவில்லை.

அவள் தடதடவென்று ஓடிவந்து பார்த்தாள். புள்ளிகள்தான். "எங்கம்மா?"

"இப்பதான் போச்சி."

மறுநாளும் அப்படியே சொன்னேன். அவள் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் அன்பு துளிகூட இல்லை.

"பொய் சொல்ற நீ. ஒண்ணுமே வர்ல. நான் மேல நிக்கறது ஒனக்குப் புடிக்கல, அதான வந்துட்ச்சின்னு சொல்லி எறக்கற? ஒரே ஒரு வேல குடுத்தேன், அதக்கூட ஒழுங்காச் செய்ய மாட்டியா?"

ஒழுங்காகத்தான் செய்ய வேண்டியிருந்தது, முப்பத்திரண்டு வருஷத்துக்கு முன்னால். டிவியை அணைத்துவிட்டு அடுப்படிக்குப் போனேன். அப்பாவைக் கொன்றவள் என்று தெரிந்தால் இவளும் போய்விடுவாள். எனக்கென்று இருப்பது இவள் ஒருத்தி.

மூன்றாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. காலையிலிருந்தே காற்றில்லை. முருங்கை மரம் படத்தில் வரைந்தது போல நின்றது. ஐந்து மணிக்கு அவள் மேலே போனாள். நான் டிவி முன்னால் உட்கார்ந்தேன். திரையில் புள்ளிகள் மெல்லச் சாய்ந்தன. கோடுகள் ஓடின. பிறகு ஒரே கணத்தில் படம் நின்றது. வெள்ளைச் சீருடை போட்ட குழந்தைகள் வரிசையாக நின்று பாடிக்கொண்டிருந்தார்கள். முன்வரிசைப் பெண் ஒருத்திக்கு ரிப்பன் அவிழ்ந்திருந்தது, அதுகூடத் தெரிந்தது.

"அம்மா, வருதா?"

"வேம்பு, வருதா?"

"வந்துட்ச்சி கவி. கட்டிட்டு எறங்கு."

"தோ பாரு, மறுபடியும் ஆரம்பிக்காத."

"சத்தியமா வந்துட்ச்சிடி. பசங்க பாட்டுப் பாடுதுங்க."

"நேத்தும் இதே சத்தியந்தான?" போனில் அவள் மூச்சு வாங்குவது கேட்டது. "இன்னும் கொஞ்சம் ஏரி பக்கம் திருப்பறேன். பைப் அசையவே மாட்டுது, நேத்து ஈசியா திரும்பிச்சி. இரு, செவுத்து மேல ஏறிக்கறேன்."

எனக்கு உயிர் போய் வந்தது. எழுந்து ஓடலாம் என்று நினைத்தேன். போன தடவையும் ஓடித்தான் போனேன். ஓடிப்போய்ப் பார்த்தது எதை என்று எனக்குத் தெரியும். என் கால் அவ்வளவு வேகமாகப் போகாது. வார்த்தைதான் போகும். ஆனால் என் வார்த்தையை அவள் நம்பமாட்டாள், முப்பத்திரண்டு வருஷமாக அடக்கிவைத்திருந்த அந்த ஒரு வார்த்தையைத் தவிர.

"கவி, அன்னிக்கும் வந்துச்சிடி!" போனைப் பார்த்துக் கத்தவில்லை. மாடிப்படியைப் பார்த்துக் கத்தினேன். "அன்னிக்கும் படம் வந்துச்சி! கண்ணாடி மாதிரி வந்துச்சி! ஒங்க நைனா கேட்டாரு, நான் வர்லன்னு சொன்னேன். காதுகுத்துக்குக் கூட்டிகினு போகலன்னு கோவத்துல சொன்னேன். மூணு தபா கேட்டாரு, மூணு தபாவும் பொய் சொன்னேன். நான் சொன்னதாலதான் அவரு சாஞ்சாரு. வந்துட்ச்சி மாமா! அன்னிக்கே வந்துட்ச்சி! கைய எடுத்துட்டு எறங்கு!"

போனில் சத்தமே இல்லை. பிறகு படியில் செருப்புச் சத்தம் இறங்கி வந்தது. கவிப்பிரியா வாசற்படியில் வந்து நின்றாள். முகத்தில் வியர்வையும் துருவும். என்னைப் பார்க்கவில்லை, டிவியைப் பார்த்தாள். குழந்தைகள் இன்னும் பாடிக்கொண்டிருந்தார்கள். அவள் அப்படியே தரையில் உட்கார்ந்தாள்.

"காதுகுத்துக்கா?" என்றாள், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"ஆமா."

அவள் அழுவாள், திட்டுவாள், எழுந்து போய்ப் பையை எடுத்துக்கொண்டு கிளம்புவாள் என்று காத்திருந்தேன். எதுவும் செய்யவில்லை. அது இன்னும் கொடுமையாக இருந்தது. பிறகு வேறு யாரிடமோ பேசுவது போலச் சொன்னாள்.

"பைப் நகரவே இல்ல. நான் இந்தப் பக்கம் இழுத்தா, அந்தப் பக்கம் யாரோ கெட்டியாப் புடிச்சிகினு இருக்கற மாதிரி. நீ கத்துனப்புறம் சட்டுனு லூசாயிடுச்சி."

படிப்பக்கம் காது கொடுத்தேன். மாடியிலிருந்து குரல் இல்லை. முருங்கை இலை லேசாக ஆட ஆரம்பித்தது. கடல் காற்று கிளம்பிவிட்டது. திரையில் குழந்தைகளின் முகம் இரண்டாகப் பிரிந்து ஆடியது, பிறகு புள்ளிகள் மூடிக்கொண்டன.

"கட்டாம வந்துட்டேன்" என்றாள் கவி. "காத்துல திரும்புது." எழுந்திருக்கவில்லை.

"நான் போறேன்" என்றேன்.

முழங்காலைப் பிடித்துக்கொண்டு படியேறினேன். முப்பத்திரண்டு வருஷத்துக்குப் பிறகு அந்த மொட்டை மாடியைப் பார்த்தேன். நான் நினைத்துவைத்திருந்ததைவிடச் சின்னதாக இருந்தது. பைப் காற்றில் மெல்லச் சுற்றிக்கொண்டிருந்தது. சுவரோரம் நின்று இரண்டு கையாலும் பிடித்தேன். வெயில் குடித்த இரும்பு சூடாக இருந்தது. கீழே துவைக்கும் கல் தெரிந்தது. கண்ணை மூடிக்கொண்டு, தெற்கே, ஏரிப் பக்கமாகத் திருப்பினேன்.

"வருதா?" என்று கேட்டேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. கீழேயிருந்து பதில் இல்லை. மேலே நிற்பவருக்கு அது எப்படி இருக்கும் என்று இப்போது தெரிந்தது. படம் வந்ததா, வரவில்லையா, கீழே இருப்பவள் இருக்கிறாளா, கோபத்தில் இருக்கிறாளா, ஒன்றும் தெரியாது. கையை மட்டும் எடுக்கக் கூடாது.

"கவி, வருதா?"

கீழேயிருந்து பதில் வந்தது. "இன்னும் கொஞ்சம்."

அவள் உண்மையைச் சொல்கிறாளா, நான் அன்று சொன்ன பொய்யைத் திருப்பிச் சொல்கிறாளா என்று எனக்குத் தெரியாது. கேட்கும் உரிமையும் எனக்கு இல்லை. இன்னும் கொஞ்சம் திருப்பினேன். கை எட்டவில்லை. சுவரில் மார்பை அழுத்திக்கொண்டேன். காற்று நின்றது. முருங்கை அசையவில்லை. என் கையில் வலி தோள்பட்டை வரை ஏறியது. அழுகை வந்தது, துடைக்கக் கை இல்லை.

மூன்றாவது தடவை கேட்டேன். "வருதா?"

"வந்துட்ச்சி வேம்பு. கட்டிட்டு எறங்கு."

கீழே கூடத்திலிருந்து, டிவி இருக்கும் இடத்திலிருந்து வந்தது அந்தக் குரல். கை வலி தீர்ந்தவரின் குரல். அதற்குப் பின்னால் குழந்தைகள் பாடுவதும், என் மகள் விசும்புவதும் கேட்டன.

கயிற்றை மூன்று சுற்றுச் சுற்றிக் கட்டிவிட்டு இறங்கினேன்.